வேலூரின் பொதுக் கழிப்பிடங்கள்: எந்த ஏற்பாட்டுக்குப் பணம் கொடுக்கலாம்?

பகல் நேரத்தில் வேலூர் நகருக்குள் நடமாடுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த ஊரில் வீடு கிடையாது. குடியாத்தம், ஆற்காடு, ஆரணி, அந்தப் பக்கம் சித்தூர் என்று பஸ் ஏறி வருகிறவர்கள் ஒரு கூட்டம். மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று தொலைவிலிருந்து கிளம்பி, காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை அது. இன்று அதைச் சுற்றியே ஒரு நகரம் இருக்கிறது. நோயாளிக்கு உள்ளே இடம் உண்டு. கூட வந்தவர், ரிப்போர்ட்டுக்கும் மருந்துக்கும் லாட்ஜுக்கும் நடுவில், நாள் முழுவதும் தெருவில்தான் நிற்கிறார்.

இவர்களோடு ஊர்க்காரர்களையும் சேருங்கள். விடியுமுன்பே நேதாஜி மார்க்கெட்டுக்குக் கூடை தூக்கி வரும் பெண்கள், லாங்கு பஜாரில் தள்ளுவண்டி போட்டிருப்பவர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுநர்கள், சிக்னலில் நிற்கும் பெண் காவலர்கள், தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்கள். இவர்களில் ஆண்கள் ஏதாவது ஒரு சுவரைத் தேடிக்கொள்கிறார்கள். அது நாற்றம், அசிங்கம், சட்டப்படி தப்பு, ஆனாலும் நடக்கிறது. பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. பஜாருக்குப் போக வேண்டிய நாளில் காலை காபியைக்கூடப் பாதியோடு வைத்துவிடுவார். நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், தாகத்தை அடக்கிக்கொண்டு நாலு மணி நேரம் சுற்றிவிட்டு வருவார். சிறுநீர்த் தொற்றும் கல்லடைப்பும் இப்படித்தான் வருகின்றன என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆக, தேவை இருக்கிறதா என்று விவாதிக்க ஒன்றுமில்லை. மாநகராட்சியிடம் இதற்கென்று ஒரு தொகை இருந்தால் அதை எதில் போடுவது என்பதுதான் கேள்வி. பேச்சு எழும்போதெல்லாம் நாம் கேட்பது ஒரே பதில்: இன்னும் நிறையக் கட்ட வேண்டும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கட்டிய ஆறாவது மாதத்தில் தாழ்ப்பாள் உடைந்து, குழாயில் காற்று வந்து, ஒரு வருடத்தில் பூட்டுத் தொங்கும் கட்டடங்கள் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் உண்டு. கழிப்பறை என்பது கட்டி முடிக்கிற பொருளே இல்லை. மணிக்கு மணி செய்து தர வேண்டிய வேலை அது. இதை மனதில் வைத்துக்கொண்டு, நம் முன்னே உள்ள வழிகளைப் பார்ப்போம். கட்டடம் எப்படி இருக்கும் என்பதோடு, அந்த ஏற்பாட்டில் காசு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்பதையும் ஒவ்வொன்றிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

குத்தகைக் கட்டணக் கழிப்பிடம்

இதுதான் நமக்குப் பழக்கமானது. பஸ் ஸ்டாண்டில் நகராட்சியோ மாநகராட்சியோ கட்டிவைத்த கழிப்பிடத்தை ஏலம் விடுவார்கள். அதிகத் தொகை கேட்டவருக்குக் குத்தகை. வாசலில் ஒரு மேசை, ஒரு கல்லா, ஒரு ஆள். கட்டணம் வாங்கிக் கழிப்பிடம் நடத்துவது இந்தியாவில் பெரிய அளவில் பரவக் காரணமானவர் பிந்தேஷ்வர் பாடக். 1970-இல் சுலப் இயக்கத்தைத் தொடங்கி, 1974-இல் பாட்னாவில் முதல் கட்டணக் கழிப்பிடத்தைத் திறந்தார். காசு கொடுத்து யாராவது கழிப்பறைக்குப் போவார்களா என்று அன்றைக்குக் கேட்டவர்களுக்கு, ‘சுத்தமாக இருந்தால் போவார்கள்’ என்பதைச் செய்தே காட்டினார்.

நம் ஊர்க் குத்தகையில் அந்த ‘சுத்தமாக இருந்தால்’ என்பது கழன்று விழுந்துவிட்டது. குத்தகைதாரர் மாநகராட்சிக்குப் பணம் கட்டியாயிற்று. இனி அவருக்கு வருமானம் தலைக்கணக்கில்தான். உள்ளே சுத்தமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவசரத்தில் வருகிறவர் வந்துதான் ஆக வேண்டும், வேறு இடமில்லை. பினாயிலுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் கையிலிருந்து குறைகிறது. இதில் அவரைத் திட்டிப் பயனில்லை. ஏலத் தொகையை மட்டும் பார்த்து இடத்தை விற்றால், அதிகத் தொகை கேட்டவர் அதை எங்கிருந்தாவது எடுக்கத்தான் பார்ப்பார். மாநகராட்சிக்குக் கழிப்பிடம் ஒரு வருமான இனமாக இருக்கும்வரை அதன் சுத்தத்தைக் கேட்க அதற்கே தெம்பு இருக்காது.

இன்னொரு அநியாயமும் இதற்குள் இருக்கிறது. ‘சிறுநீர் கழிக்க இலவசம்’ என்று பலகை இருக்கும். ஆண்கள் பக்கம் அது ஓரளவு நடக்கும். பெண்கள் எதற்குப் போனாலும் ஒரே கதவுதான், அதனால் எதற்குப் போனாலும் காசு. மும்பையில் 2011-இல் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து இதை எதிர்த்து இயக்கமே நடத்தின. நம் பஸ் ஸ்டாண்டுகளில் இது இன்னும் வாசலில் நடக்கும் வாக்குவாதமாகவே இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆள் இருக்கிறார். பூட்டிக் கிடப்பதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கும் விளக்கு எரிகிறது. இலவசக் கழிப்பிடங்கள் பலவற்றைப் பற்றி இதைச் சொல்ல முடியாது.

ஃபைபர் கூண்டுகளும் தானியங்கிக் கதவுகளும்

2012, 2013 வாக்கில் தாம்பரத்தில் முதலில் வைத்துப் பார்க்கப்பட்டு, பிறகு மாநிலம் முழுவதும் பரவியது ‘நம்ம டாய்லெட்’. கண்ணாடியிழைப் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்திவிடலாம். வெளிச்சமும் காற்றும் வரும், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி அறை வைக்கலாம், பயன்படுத்தக் கட்டணம் இல்லை. வடிவமைப்பில் நிறைய யோசித்திருக்கிறார்கள். இடம் குறுகலான ஊருக்கு நல்ல யோசனை. ஆனால் கட்டணமும் இல்லை, ஆளும் இல்லை என்றால், காலையில் ஒரு முறை கழுவிவிட்டுப் போன பிறகு நாள் முழுவதும் அதற்குப் பொறுப்பானவர் யாரும் இல்லை. தண்ணீர் தீர்ந்தால் சொல்ல ஆளில்லை. மதியத்துக்குள் உள்ளே கால் வைக்க முடியாது. பலகை எதனால் ஆனது என்பது இதில் எந்த மாற்றத்தையும் தராது.

‘இ-டாய்லெட்’ இதையே இயந்திரத்தால் தீர்க்கப் பார்த்தது. கேரள நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. காசு போட்டால் கதவு திறக்கும், ஆள் வெளியே வந்ததும் தானே தண்ணீர் அடித்துத் தரையைக் கழுவும். சென்னையில் 2014 முதல் பல இடங்களில் நிறுவினார்கள். பல செயலிழந்து நின்றன. காரணம் புரியாததில்லை. சென்சார், மோட்டார், மின்சாரம், தண்ணீர் என நாலும் ஒரே நேரத்தில் சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். ஒன்று போனாலும் வெறும் இரும்புப் பெட்டி. இதோடு, கதவு திறக்காமல் உள்ளே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் வயதானவர்களுக்கு. படிக்கத் தெரியாதவர், தமிழே தெரியாமல் மேற்கு வங்கத்தின் மால்டாவிலிருந்து வந்த ஒரு விவசாயி, கையில் குழந்தையோடு நிற்கும் தாய், இவர்களெல்லாம் பொத்தான்களுக்கு முன்னால் தயங்கி நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வேலூருக்கு இது வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திருச்சிப் பெண்கள் காட்டிய வழி

தமிழ்நாட்டுக்குள்ளேயே பெருமையோடு சொல்லத் தக்க ஒன்று திருச்சியில் நடந்தது. குடிசைப் பகுதிகளில் பாழடைந்து கிடந்த சமுதாயக் கழிப்பிடங்களை, கிராமாலயா போன்ற தொண்டு நிறுவனங்களின் உதவியோடு, அந்தந்தப் பகுதிப் பெண்கள் குழுக்களே எடுத்து நடத்தின. டோக்கன் போட்டுச் சிறு கட்டணம் வாங்கினார்கள். அதில் சுத்தம் செய்பவருக்குக் கூலி, விளக்கு, பழுது எல்லாம் பார்த்து, மிச்சம் இருந்தால் பகுதியின் பொதுக் காரியத்துக்குப் போட்டார்கள். 2002-இல் கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிக்காத குடிசைப் பகுதி என்று நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது. கிராமாலயாவின் தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

குத்தகையிலும் கட்டணம், இங்கேயும் கட்டணம். பிறகு ஏன் இது மட்டும் நிலைத்தது? வாசலில் உட்கார்ந்திருந்த பெண்ணும் அதே கழிப்பிடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. உள்ளே நாறினால் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். கல்லாவில் சேரும் காசின் கணக்கு எல்லாருக்கும் தெரியும்.

இதனால்தான் இந்த வழியை அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்றும் நினைக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறவர் ஒரு முறை வருகிறார், அடுத்த வண்டி ஏறிப் போய்விடுகிறார். அங்கே யாரும் யாருக்கும் அக்கம்பக்கத்தார் இல்லை. அங்கே ஒரு மகளிர் குழுவை உட்கார வைத்தால், ஆறு மாதத்தில் அவர்களும் ஏலத்தொகைக்காக ஓடும் குத்தகைதாரராகிவிடலாம், அல்லது ராத்திரி ஷிப்டில் குடித்துவிட்டு வருகிறவர்களிடம் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். வீட்டுக்குள் கழிப்பறை கட்ட இடமில்லாத குடியிருப்புகள், கூலித் தொழிலாளர் காலனிகள், மார்க்கெட்டை ஒட்டிய சந்துகள், இங்கெல்லாம் திருச்சி வழியை மிஞ்ச வேறெதுவும் இல்லை. நேதாஜி மார்க்கெட்டுக்கு இதை முயன்று பார்க்கலாம் என்பேன். அங்கே கடை போடுகிறவர்கள் தினமும் அதே இடத்துக்கு வருகிறவர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

சுத்தத்துக்குக் கூலி தரும் ஒப்பந்தம்

சென்னை மாநகராட்சி சில ஆண்டுகளுக்கு முன் ராயபுரம், திரு.வி.க. நகர், தேனாம்பேட்டை மண்டலங்களுக்கும் மெரினாவுக்கும் ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. கட்டுவதும் புதுப்பிப்பதும் நடத்துவதும் ஒரே ஒப்பந்ததாரர். கட்டும்போது ஒரு பகுதிப் பணம். மீதி பல ஆண்டுகளுக்குத் தவணையாக, பராமரிப்பைப் பார்த்துத் தரப்படும். பயன்படுத்துகிறவரிடம் காசு வாங்குவதில்லை.

காசு ஓடும் திசை இங்கே தலைகீழாகிறது. குத்தகையில் கழிப்பிடம் நடத்துபவர் மாநகராட்சிக்குக் கொடுத்தார். இங்கே மாநகராட்சி அவருக்குக் கொடுக்கிறது, அதுவும் சுத்தமாக இருந்தால்தான். அவருடைய லாபமும் உள்ளே போகிறவரின் நிம்மதியும் ஒரே பக்கம் வந்து நிற்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது.

பலவீனம் எங்கே என்றால், ‘சுத்தமாக இருந்தது’ என்று கையெழுத்துப் போடுகிறவரிடம். மேற்பார்வை செய்பவர் வாரம் ஒரு முறை வந்து எட்டிப் பார்த்து மதிப்பெண் போட்டால், இந்த ஏற்பாடும் பழைய குத்தகையாகத்தான் முடியும். பெரிய ஒப்பந்தம் என்பதால் பெரிய கம்பெனிதான் வரும். சென்னை அளவுக்குத் தொகையைப் போட வேலூரால் ஆகாது. ஆனாலும் பெரிய தொகை இல்லாமலே இதன் சாரத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பஸ் ஸ்டாண்டுகளும் காட்பாடி ரயில் நிலைய முன்பகுதியும் போதும்.

இருப்பதைத் திறந்துவிடுவது

ஜெர்மனியில் ஆலன் என்ற ஊர் 2000-இல் ஒரு எளிய காரியம் செய்தது. புதிதாகக் கழிப்பறை கட்டுவதற்குப் பதில், ஊரிலுள்ள உணவகங்களிடம் போய், உங்கள் கழிப்பறையை யார் வந்து கேட்டாலும் விடுங்கள், எதுவும் வாங்கச் சொல்லாதீர்கள், மாதாமாதம் ஒரு தொகை தருகிறோம் என்றது. சேர்ந்த கடைகளின் கதவில் ஒரு ஸ்டிக்கர். இன்று இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் அதைப் பின்பற்றுகின்றன. லண்டனின் ரிச்மண்ட் பகுதியிலும் இதே போல ஒரு திட்டம் உண்டு.

தெற்கு டெல்லி மாநகராட்சி 2017 ஏப்ரலில் வேறு மாதிரி செய்தது. ஓட்டல்களும் உணவகங்களும் பொதுமக்களுக்குக் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும், ஐந்து ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டது. ஆலனில் கேட்டார்கள், பணம் கொடுத்தார்கள். டெல்லியில் உத்தரவு போட்டார்கள். உத்தரவுக்குக் கீழ்ப்படியும் கடைக்காரர் எப்படிக் கீழ்ப்படிவார் என்று நமக்குத் தெரியும். ‘தண்ணி வரல’, ‘சாவி முதலாளிகிட்ட இருக்கு’ என்ற இரண்டு வாக்கியங்கள் போதும்.

வேலூருக்கு இந்த வழி மற்ற எல்லாவற்றையும்விடப் பொருந்துகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, இடம். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, அந்தப் பக்கம் லாங்கு பஜார், இங்கெல்லாம் ஒரு ஃபைபர் கூண்டு வைக்கக்கூட இடம் கிடையாது. வைத்தாலும் யார் கடை வாசலில் என்று சண்டை வரும். கோட்டையைச் சுற்றி இன்னொரு தடை. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடை, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்கிறது 2010-இல் திருத்தப்பட்ட சட்டம். கட்டுவது கடினமான அதே தெருக்களில்தான் லாட்ஜ், மெஸ், ஓட்டல், லேப், மெடிக்கல் ஷாப் என்று கழிப்பறை உள்ள கட்டடங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

இரண்டாவது காரணம், கடைக்காரர் அந்தக் கழிப்பறையைத் தன் வாடிக்கையாளருக்காகவும் தன் ஆட்களுக்காகவும் ஏற்கனவே கழுவுகிறார். ஆள் இருக்கிறார், விளக்கு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. மாநகராட்சி கொடுப்பது கூடுதல் தண்ணீருக்கும் கூடுதல் கழுவலுக்குமான தொகைதான்.

பெட்ரோல் பங்குகளை இதில் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே கழிப்பறை இலவசமாக இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதியிலேயே இருக்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியும் ஊருக்குள்ளும் இருக்கும் பங்குகளின் வாசலில் மாநகராட்சி ஒரு தெளிவான பலகை வைத்தாலே, ஒரு பைசா செலவில்லாமல் பத்துப் பதினைந்து கழிப்பறைகள் கூடும். ‘ஆண் ஊழியர்கள் மத்தியில் எப்படிப் போய்க் கேட்பது’ என்ற கூச்சம்தான் பெண்களைத் தடுக்கிறது. பலகை இருந்தால் கேட்கவே வேண்டியதில்லை, நேரே போகலாம்.

குறை? உண்டு. எந்தக் கடைக்காரரும் எல்லாரையும் ஒரே மாதிரி உள்ளே விடுவார் என்று நான் நம்பவில்லை. அழுக்குப் புடவை கட்டிய குப்பை பொறுக்கும் பெண்ணை, தூய்மைப் பணியாளரை, திருநங்கையை வாசலிலேயே திருப்பி அனுப்பும் கடைகள் இருக்கும். யாரைத் திருப்பி அனுப்பினாலும் அந்த மாதத் தொகை கிடையாது என்பது ஒப்பந்தத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். இரண்டாவது குறை நேரம். கடை ஒன்பதரைக்கு மூடினால் கழிப்பறையும் மூடும். அதிகாலை நாலு மணிக்கு மருத்துவமனை டோக்கன் வரிசையில் நிற்க வருகிறவருக்கு இது உதவாது. ஆகவே இது பஸ் ஸ்டாண்டு வளாகத்துக்கு மாற்றாகாது. இரண்டும் வேண்டும்.

ஒரு கூட்டல் கணக்கு

பின்வரும் எண்களை ஒரு மாதிரிக்காக நான் வைத்துக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த எண்களைப் போட்டு மாற்றிப் பார்க்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய வளாகம். நாள் முழுவதும் திறந்திருக்க ஆறு பேர், ஆளுக்கு மாதம் ரூ.15,000, ஆக ரூ.90,000. தண்ணீர், மின்சாரம், பினாயில், பிளீச்சிங் பவுடர், பழுது எல்லாவற்றுக்கும் ரூ.40,000. மொத்தம் ரூ.1,30,000. தினமும் 1,500 பேர் ஐந்து ரூபாய் கொடுத்தால் மாதம் ரூ.2,25,000 வருகிறது. செலவு போக ரூ.95,000 மிச்சம். ஏலத்துக்குப் போட்டி ஏன் என்பது இதில் விளங்கும். இந்த 1,500 பேரில் 500 பேர் பெண்கள் என்று வைத்து, அவர்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்காமல் விட்டாலும் ரூ.1,50,000 வரும். அப்போதும் செலவு கட்டும். பெண்களுக்கு இலவசமாகத் தர முடியாது என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது பஜாரில் ஒரு சின்ன யூனிட். இரண்டு ஆள், ரூ.30,000. மற்றச் செலவு ரூ.10,000. தினம் 200 பேர் வந்தால் வருமானம் ரூ.30,000. மாதம் பத்தாயிரம் கையைக் கடிக்கும். எந்தக் குத்தகைதாரரும் அங்கே வரமாட்டார். அதனால்தான் கட்டணக் கழிப்பிடம் பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடுகிறது, பஜாருக்குள் வருவதே இல்லை.

இதே தெருவில் முப்பது கடைகளுக்கு மாதம் ரூ.3,000 கொடுத்தால் ரூ.90,000. பஸ் ஸ்டாண்டு வளாகம் ஒன்றின் கூலிச் செலவுக்கு முப்பது கழிப்பறைகள். பஸ் ஸ்டாண்டின் மிச்சத்தைப் பொதுக் கணக்கில் கரைய விடாமல் இந்த முப்பது கடைகளுக்குத் திருப்பினால், வெளியிலிருந்து புதுப் பணமே அதிகம் தேவைப்படாது. பெண்களுக்கு இலவசம் என்றால் மிச்சம் ரூ.20,000-ஆகக் குறையும். மீதி எழுபதாயிரத்தை மாநகராட்சி போட வேண்டும். அறுபது வார்டு உள்ள ஒரு மாநகராட்சிக்கு அது தாங்க முடியாத தொகையாக எனக்குத் தோன்றவில்லை.

எந்த வழியை எடுத்தாலும் விடாமல் பார்க்க வேண்டியவை

தண்ணீர். ஊரைப் பற்றிய பழைய சொலவடையில் சாமியில்லாத கோயிலும் நீரில்லாத ஆறும் உண்டு. ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டது, மற்றபடி பெரும்பாலான நாட்கள் மணல்தான். 1,500 பேர் வரும் இடத்தில் ஆளுக்கு ஆறு லிட்டர் என்றால்கூட ஒரு நாளைக்கு 9,000 லிட்டர் வேண்டும். சித்திரை வைகாசியில் அதை யார் தருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டக் கூடாது. போர்வெல் ஒன்று, குழாய் இணைப்பு ஒன்று, மேலே இரண்டு நாளைக்குத் தாங்கும் தொட்டி. இதில் கஞ்சத்தனம் காட்டினால் மற்ற எல்லாம் வீண்.

எண்ணிக்கை. ஆண்களுக்கு ஐந்து, பெண்களுக்கு ஐந்து என்று சரிசமமாகக் கட்டுவது சமம் ஆகாது. பெண்களுக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, கூடவே குழந்தை வருகிறது, மாதவிடாய் நாட்கள் இருக்கின்றன. 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தின் வழிகாட்டுதலிலேயே, சமுதாயக் கழிப்பிடங்களில் 35 ஆண்களுக்கு ஒன்று, 25 பெண்களுக்கு ஒன்று என்று கூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். நம் பஸ் ஸ்டாண்டுகளில் பெண்கள் பக்க வரிசை எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சின்ன விஷயங்கள் என்று ஒதுக்கப்படுபவையும் உண்டு. உள்ளிருந்து உறுதியாகப் போட ஒரு தாழ்ப்பாள். பை மாட்ட ஒரு கொக்கி. மருத்துவ ஃபைலையும் பணத்தையும் கீழே ஈரத்தில் வைக்க முடியாமல் பல்லில் கவ்விக்கொண்டு நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. நாப்கின் போட மூடியுள்ள தொட்டி. முட்டி வலிக்காரர்களுக்கு ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்து எழக் கைப்பிடி. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், அதுவும் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில். பெயருக்கு ஒரு சரிவு வைத்தால் அதில் நாற்காலி ஏறாது, விழத்தான் செய்யும். பலகைகள் தமிழோடு வங்காளம், இந்தி, தெலுங்கிலும். லாட்ஜ்காரர்களும் மெடிக்கல் ஷாப்காரர்களும் வங்காளத்தில் பெயர்ப்பலகை வைத்து எத்தனையோ காலமாகிவிட்டது. வெளியூர் நோயாளியின் துணைக்கு வந்தவருக்குக் குளிக்கவும் ஓரிடம் வேண்டும். குளியலுக்குக் கட்டணம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதுவே வளாகத்துக்கு நல்ல வருமானம்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, கழுவுகிற கை. எந்த வழியைத் தேர்ந்தாலும், கடைசியில் ஒருவர் குனிந்து கழுவுகிறார். இன்றைக்கும் இந்த வேலை ஒரு சில சாதிகளின் தலையிலேயே கட்டப்பட்டிருக்கிறது. கையால் மலம் அள்ள வைப்பதை 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டமும் தடை செய்தன. செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதும் குற்றம்தான். குத்தகை முறையில் கழுவுகிறவருக்குக் கூலி என்ன, கையுறை உண்டா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்பாரே இல்லை. கடைகளைத் திறந்துவிடும் முறையிலும் இதே ஆபத்து வேறு உருவில் வரும்: கூடுதல் தொகை முதலாளிக்கு, கூடுதல் வேலை ஏற்கனவே கழுவிக்கொண்டிருந்த அதே அக்காவுக்கு. மாதத் தொகையில் ஒரு பங்கு அவர் கணக்குக்கு நேரே போகும்படி எழுதிவிடலாம். சுத்தத்துக்குக் கூலி என்று சொல்லிவிட்டு, சுத்தம் செய்பவரை விட்டுவிட்டால் அதற்கு என்ன அர்த்தம்?

என் தேர்வு

இரண்டு பஸ் ஸ்டாண்டுகளிலும் காட்பாடியிலும் ஏலத்தை நிறுத்திவிட்டு, சுத்தத்துக்குப் பணம் தரும் ஒப்பந்தம். அதிகம் தருகிறேன் என்பவருக்கு இடம் போகக் கூடாது. இந்தத் தரத்தில் இவ்வளவு குறைவாக நடத்தித் தருகிறேன் என்பவருக்குப் போக வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இலவசம். ஆண்களிடம் வாங்கும் கட்டணம் மாநகராட்சியின் தனிக் கணக்குக்குப் போகட்டும், ஒப்பந்ததாரருக்கு அதில் பங்கு வேண்டாம். மதிப்பெண் போடும் பொறுப்பை அந்த வார்டின் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஊதியத்தோடு கொடுக்கலாம். நாளுக்கு மூன்று நேரம், முன்கூட்டிச் சொல்லாமல், உள்ளே போய்ப் பார்த்து, நேரம் பதிந்த படத்தோடு. திருச்சிப் பெண்களிடமிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துவரத் தக்கது இந்தக் கண்தான்.

மருத்துவமனையைச் சுற்றியும் பஜாரிலும் கோட்டையின் எதிர்ப்புறமும் கடைகளைச் சேர்க்கும் திட்டம். முப்பது கடை உடனே கிடைக்காவிட்டால் பத்தில் தொடங்கலாம். வணிகர் சங்கத்தை வைத்துப் பேசினால், தங்கள் கடை ஊழியப் பெண்களுக்கே கழிப்பறை சரியாக இல்லை என்ற உண்மையும் மேசைக்கு வரும், அதுவும் நல்லதுதான். நேதாஜி மார்க்கெட்டிலும் குடியிருப்புகளிலும் பெண்கள் குழு நடத்தும் கழிப்பிடம்.

புனேயில் 2016 முதல் ஓட்டத்துக்கு உதவாத பழைய பேருந்துகளைப் பெண்களுக்கான கழிப்பறைகளாக மாற்றி நிறுத்தினார்கள். தினப்படித் தேவைக்கு நமக்கு அது வேண்டியதில்லை. ஆனால் வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுக்கும், ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியிலும் வள்ளிமலையிலும் கூடும் கூட்டத்துக்கு, சக்கரத்தில் வரும் கழிப்பறை இரண்டு மூன்று இருந்தால் மாவட்டம் முழுக்கச் சுற்றி வரலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்த மாவட்டங்கள் பங்கு போட்டு வாங்கினால் செலவும் பெரிதாக இருக்காது.

இவற்றில் முதலில் செய்ய வேண்டியது செலவே இல்லாதது: பெட்ரோல் பங்குகளில் பலகை. அடுத்தது, இப்போதுள்ள குத்தகை முடிந்து மறு ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் மாமன்றத்தில் தீர்மானம். ஒரு முறை ஏலம் போய்விட்டால், குத்தகைக் காலம் முடியும்வரை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது, கழிப்பிடம் கட்டித் தருவீர்களா என்று கேட்காதீர்கள். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பிடத்தின் குத்தகை எந்தத் தேதியில் முடிகிறது, அடுத்த ஒப்பந்தத்தில் சுத்தத்துக்கு என்ன விலை எழுதப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.